புழு எல்லாம் ‘வோர்ம்’ இல்லை

வணக்கம் சகோதரி. முருங்கை மயிர்க்கொட்டியை ‘வோர்ம்’ என்று எழுதிய மகளுக்குப் புள்ளி கிடைக்கவில்லை, தமிழில் எல்லாம் புழுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். மகள் மீது பிழையில்லை. நம் ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் பல சொற்கள் உண்டு.

அது வளர்ந்து என்னவாகும் என்று கேட்கப் பழக்குங்கள். மயிர்க்கொட்டி அந்துப்பூச்சியாகும், ஆகவே ‘கேட்டர்பில்லர்’. கருவாட்டில் நெளிவது ஈயாகும், அது ‘மெகட்’. படுவான்கரையில் எங்கள் மாட்டெருக் குவியலைக் கிளறினால் விரல் தடிப்பில், வெள்ளை உடம்பும் கபிலத் தலையுமாகப் பிறைபோல் வளைந்து ஒன்று கிடக்கும். தலையருகே ஆறு கால்கள் தெரியும். தென்னங்குருத்தைத் துளைக்கும் வண்டின் குஞ்சு அதுதான்; பெயர் ‘கிரப்’. மகளுக்கு ஒருமுறை நேரில் காட்டுங்கள், மறக்கவே மாட்டாள். மண்புழு கடைசிவரை புழுவாகவே இருக்கும்; அதுதான் உண்மையான ‘வோர்ம்’.

பட்டுப்புழு ஒரு விலக்கு: அந்துப்பூச்சியாக மாறினாலும் அதற்கு ‘சில்க்வோர்ம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

சிலந்திக்கு எட்டுக் கால்கள் என்பதால் அதை ‘இன்செக்ட்’ பட்டியலில் சேர்க்க வேண்டாம். மட்டத்தேளும் ‘இன்செக்ட்’ இல்லை, அது ‘சென்டிபீட்’.