எது விக்கெட்?

வணக்கம் ஐயா,
என் மகன் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். கைப்பேசியில் கிரிக்கெட் பார்க்கிறான். ‘விக்கெட் விழுந்தது’, ‘விக்கெட் ஸ்லோவாக இருக்கிறது’, ‘ஐந்து விக்கெட்டில் வெற்றி’ என்கிறார்களே, இதில் எதும்மா விக்கெட் என்று கேட்டான். காற்பந்து மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்குப் பதில் வரவில்லை. ‘இலக்கு’ என்று தமிழில் சொல்லிக் கொடுக்கலாமா?
வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள சகோதரி,

நானும் அந்தப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான். அப்பா ரப்பர் ஆலையில் வேலை. மத்தியானம் சோறு கொண்டுபோனால் காவலுக்கு இருக்கும் ஜாகா பெரிய கதவைத் திறக்கமாட்டார். லோரி வந்தால்தான் அது திறக்கும். அந்தக் கதவிலேயே ஒரு குட்டிக் கதவு உண்டு. தூக்குச்சட்டியை முதலில் உள்ளே வைத்துவிட்டு, பிறகு குனிந்து நுழைவேன். அந்தக் குட்டிக் கதவுதான் விக்கெட். தமிழில் அதற்குத் திட்டிவாசல் என்று பெயர். கோட்டைக் கதவுகளில் இருக்கும்.

பழைய கிரிக்கெட்டில் இரண்டு குச்சி நட்டு மேலே குறுக்காக ஒன்று வைப்பார்கள். பார்க்கச் சின்ன வாசல் போலவே இருக்கும். 1775இல் லம்பி ஸ்டீவன்ஸ் வீசிய பந்து, ஜான் ஸ்மாலின் இரண்டு குச்சிகளுக்கு நடுவே மூன்று முறை புகுந்து போனது, குச்சி விழவில்லை. அப்புறம்தான் நடுவில் மூன்றாவது குச்சி வந்தது. இன்று அதன் உயரம் 28 அங்குலம், மூன்றும் சேர்ந்த அகலம் 9 அங்குலம்.

அது சாய்ந்தால் ஆட்டக்காரர் அவுட். பிறகு கேட்ச் பிடித்து, குச்சியில் தூசிகூடப் படாமல் அவுட்டானாலும் ‘விக்கெட் விழுந்தது’ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

உங்களைக் குழப்பியது வெற்றிக் கணக்காகத்தான் இருக்கும். காற்பந்தில் வித்தியாசம் என்றால் கோல் வித்தியாசம். இங்கே அப்படி இல்லை. அணியில் 11 பேர், ஒருவர் தனியாக ஆட முடியாது, ஆகவே 10 விக்கெட் போனால் அந்த அணியின் ஆட்டம் முடிந்தது. இரண்டாவதாக ஆடிய அணி 5 பேரை இழந்து எதிரணியின் ஓட்டத்தைத் தாண்டினால், கையில் மீதி 5. அதைத்தான் ‘ஐந்து விக்கெட்டில் வெற்றி’ என்கிறார்கள். ஓட்டம் ஒன்றே ஒன்று கூடுதலாக இருந்தாலும் கணக்கு அதுதான்.

‘ஸ்லோ’ என்பது நடுவில் உள்ள 22 கஜத் தரையை. பேச்சில் அதையும் விக்கெட் என்பார்கள். சட்டப் புத்தகத்தில் அது பிட்ச். பந்து தரையில் பட்டு மெதுவாக வருகிறது என்று பொருள்.

‘இலக்கு’ வேண்டாம். எடுக்க வேண்டிய ஓட்டத்தையும் இலக்கு என்றுதானே சொல்கிறோம்? ‘இலக்கு 180, மூன்று இலக்கு விழுந்தது’ என்றால் பிள்ளை என்ன செய்வான், பாவம். விளையாட்டில் விக்கெட் விக்கெட்டாகவே இருக்கட்டும்.

வாசலில் இரண்டு குச்சி நட்டு, மேலே ஒன்று வைத்து, அவனையே பந்தால் அடிக்கச் சொல்லுங்கள். விழுந்ததும், திட்டிவாசல் என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.