அப்பாவின் ரிப்போர்ட்டில் இருந்த புரதமும் மகளின் படிப்பும்

அம்மா, வணக்கம்.

ஏற்காட்டிலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மகள் மறுபடி நீட் எழுத மாட்டேன் என்கிறாள். இதயச் செல்கள் சுரக்கும் புரதங்களைப் பற்றித்தான் படிப்பேன் என்கிறாள். "இதைப் படிச்சா யாருங்க வேலை குடுப்பாங்க?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போன வருஷம் அவள் அப்பாவுக்கு மூச்சு வாங்கியபோது சேலத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் 'என்டி புரோ பிஎன்பி' என்று இருந்ததாமே, அவள் பேசுவது அதைத்தான். காப்பி மூட்டை சுமப்பவர் கனம் தாங்காவிட்டால் "கொஞ்சம் இறக்கிவிடுங்க" என்று குரல் கொடுப்பார் இல்லையா? இதயத் தசையும் அப்படித்தான். பாரம் ஏறிச் சுவர் இழுபடும்போது அந்தச் செல்களே ஒரு சிறு புரதத்தை ரத்தத்தில் விடும். அது சிறுநீரகத்தின் வழியே உப்பையும் நீரையும் வெளியேற்றும், ரத்தக்குழாய்களைத் தளர்த்தும். இதயத்துக்குச் சுமை குறையும். டாக்டர் அளந்தது, அந்தப் புரதம் உருவாகும்போது பிரிந்து விழும் துண்டை.

1981இல் கனடாவில் அடோல்ஃபோ டி போல்டு குழுவினர் எலி இதயத்தின் மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். உப்பும் சிறுநீரும் பல மடங்கு வெளியேறின. அந்தச் சாற்றில் இருந்ததும் மேலே சொன்ன புரதமும் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்துப் புரதங்கள் சிதையாமல் காக்கும் சாக்யுபிட்ரில் என்ற மருந்து சேர்ந்த மாத்திரைக்கு 2015இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆய்வகத்திலிருந்து மாத்திரைக்கு 34 வருஷம். ஜிடிஎஃப்-15 என்று இன்னொரு புரதம், எலிகளில் அடிபட்ட இதயத்தைக் காத்திருக்கிறது. மனிதருக்கு அது எப்படிப் பயன்படும் என்பது இனி வருகிறவர்கள் செய்ய வேண்டிய வேலை.

இனி படிப்பு. பி.எஸ்சி. உயிர்வேதியியல் சேலத்திலேயே படிக்கலாம். அதோடு நிறுத்தினால் ஆராய்ச்சி வேலை கிடைப்பது அரிது, இதை அவளிடம் மறைக்காதீர்கள். எம்.எஸ்சி.க்குப் பெரியார் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. ஜாம் (JAM) என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.க்கும் போகலாம். பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால், முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்ததும் மாதாமாதம் பணம் வரும்; 2023இல் அதை 37,000 ரூபாயாக உயர்த்தினார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனத்தில் இதய ஆராய்ச்சியே நடக்கிறது. பட்டம் முடிக்க ஐந்தாறு வருஷம் ஆகும். கல்யாணப் பேச்சு வரும். அப்போது நீங்கள் அவள் பக்கம் நிற்க வேண்டும், அம்மா.

சீக்கிரம் சம்பளம் வேண்டிய நிலை வீட்டில் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், மருத்துவ ஆய்வக வேலைக்கான பி.எஸ்சி. எம்.எல்.டி. படிப்பைப் பற்றிப் பேசுவோம்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிள்ளைங்க லேப்ல தங்கள் கையாலேயே செய்யுறாங்க?" என்று கேளுங்கள். கேட்பது அவளாகவே இருக்கட்டும்.