ஞாயிற்றுக்கிழமை காரும் பழைய ஓனர் பெயரும்

கேள்வி: குடும்பத்துக்கு இன்னோவா இருக்கிறது, அதன் பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறது. காலேஜ் நாளிலிருந்தே எனக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை. பதினாலு மாதம் முன்பு, தெரிந்தவர் ஒருவரிடம் புதுச்சேரி பதிவெண் உள்ள பி.எம்.டபிள்யூ இசட்4 காரை 24 லட்சத்துக்கு வாங்கினேன். முழுப் பணமும் வங்கி மூலம் கொடுத்தாயிற்று. பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் தேதி போடாமல் கையெழுத்துப் போட்டுத் தந்தார். வேறு மாநிலத்தில் பதிவு செய்யத் தேவையான என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) எடுத்துத் தருவதாகச் சொல்லி இழுத்தடித்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அந்தக் காரை எடுப்பேன். போன மாதம் என் மச்சினன் பொள்ளாச்சி – ஆழியாறு சாலையில் ஓட்டிப் போனபோது மொபெட்டில் வந்தவர் மேல் மோதிவிட்டான். அவருக்குக் கால் எலும்பு முறிவு. காருக்கு 9 லட்சம் எஸ்டிமேட். ஆர்.சி., பாலிசி இரண்டும் பழைய ஓனர் பெயரில் இருப்பதால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கிறது. பழைய ஓனர் போனையே எடுப்பதில்லை. வீட்டில் மனைவி, மாமனார் என்று எல்லோரும் என்னைத்தான் திட்டுகிறார்கள். நம்பிக்கைத் துரோகம் செய்த அந்த ஆள் மேல் மோசடி வழக்குப் போடலாமா? – வாசகர், கோவை.

பதில்: போட முடியாது. பணத்தை வாங்கிக்கொண்டு காரைக் கொடுத்தார், ஃபார்மிலும் கையெழுத்துப் போட்டார். இதில் மோசடி எங்கே இருக்கிறது? என்.ஓ.சி. தாமதம் அவருடைய அலட்சியம், சரி. ஆனால் வாங்கியவர் முப்பது நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 50ஆம் பிரிவு உங்களைப் பார்த்துத்தான் சொல்கிறது. வேறு மாநில எண்ணோடு பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் புதுப் பதிவு எடுக்க வேண்டும் என்கிறது 47ஆம் பிரிவு. நீங்கள் பதினாலு மாதம் ஓட்டியிருக்கிறீர்கள். என்.ஓ.சி. வந்தால் தமிழ்நாட்டு வரியைக் கட்டியாக வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் இதைத்தான் கேட்பார்.

ஆக, விஷயம் ஒன்றே ஒன்றுதான். விபத்து நடந்த அன்று ஆர்.சி.யும் பாலிசியும் யார் பெயரில் இருந்தன? அடுத்தவர் பெயரில். ஞாயிறு மட்டும் எடுத்தேன் என்பதெல்லாம் கணக்கில் வராது. நின்ற காருக்கும் ஓடிய காருக்கும் அதே சட்டம்தான்.

அந்தப் பெயரால் இரண்டு விளைவுகள் வருகின்றன. மொபெட்காரருக்கான இழப்பீட்டைப் பற்றி நீங்கள் பதற வேண்டாம். தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு, அதாவது வண்டியால் அடிபட்ட வெளியாளுக்கான பாதுகாப்பு, வண்டியோடு போகிறது. வண்டி கைமாறினால் பாலிசியும் மாறியதாகக் கருத வேண்டும் என்று 157ஆம் பிரிவு சொல்கிறது. கம்பெனிக்குத் தகவல் சொல்லாவிட்டாலும் அடிபட்டவருக்கான பொறுப்பு போகாது என்று உச்ச நீதிமன்றம் 1999இல் கோவிந்தன் வழக்கிலேயே சொல்லிவிட்டது.

உங்கள் காரின் 9 லட்சம் வேறு கதை. 157இன் கீழ் தானாக மாறுவது தேர்ட் பார்ட்டி பகுதி மட்டும். சொந்தச் சேதத்துக்கு உங்களுக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தம் இருக்க வேண்டும். இதுவும் கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கில் எப்போதோ முடிந்துபோன விஷயம். உங்கள் பெயரில் கிளைம் நிற்காது.

தேடிப் பார்த்தால் 2020இல் வந்த சுரேந்திர குமார் பிலாவே தீர்ப்பு உங்கள் கண்ணில் படும். கை மாறிய லாரி. ஆனால் ஆர்.சி. பழைய ஓனர் பெயரிலேயே இருந்ததால், சட்டப்படி ஓனர் அவர்தான், அவருக்குக் கம்பெனி பணம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைப் படித்துவிட்டுத் துள்ளாதீர்கள். அங்கே விற்பனையே முழுமையாகவில்லை என்று நீதிமன்றம் பார்த்தது. நீங்கள் முழுப் பணமும் கொடுத்து, வண்டியையும் எடுத்து, பதினாலு மாதம் ஓட்டியிருக்கிறீர்கள். இன்னொன்று, அங்கே கிளைம் கேட்டு ஜெயித்தவர் பழைய ஓனர். நீங்கள் திட்டிக்கொண்டிருக்கும் அந்த ஆளின் கையெழுத்து இல்லாமல் இந்த வழியில் ஒரு அடி கூட வைக்க முடியாது.

இனிமேல்தான் நான் பயப்படுகிற இடம். உங்கள் பீரோவில் தேதி போடாத ஃபார்ம் 29, 30 இருக்கிறது. விபத்துக்கு முந்தைய தேதியைப் போட்டுவிடலாம் என்று யாராவது ஒரு புரோக்கர் சொல்லியிருப்பார், அல்லது இந்த வாரம் சொல்வார். இன்னொருவர், "பழைய ஓனரையே கூப்பிட்டு, கார் என்னிடம்தான் இருக்கிறது, நண்பர் ஒருநாள் ஓட்டக் கேட்டார் என்று கிளைம் ஃபார்மில் எழுத வையுங்கள்" என்பார். இரண்டும் கேட்க எளிதாக இருக்கும்.

என்னிடம் வந்த ஒருவர் இந்த இரண்டாவதைச் செய்தார். இதே மாதிரி வீட்டுக்கு ஒரு கார், ஆசைக்கு ஒரு கார் வைத்திருந்தவர்தான். பழைய ஓனரும் நட்புக்காகக் கையெழுத்துப் போட்டார். சர்வேயர் வந்து போட்டோ எடுத்துப் போனார். சந்தோஷமாக இருந்தார்கள். மூன்று வாரம் கழித்து கம்பெனியின் இன்வெஸ்டிகேட்டர் வந்தார். ஃபாஸ்டேக், காரை வாங்கியவரின் செல்போன் எண்ணில் இருந்தது. ஆறு மாதம் முன்பு சர்வீஸுக்கு விட்ட ஜாப் கார்டிலும் அவர் பெயர். பழைய ஓனரின் வங்கிக் கணக்கில் கார் விலை வந்த தேதி அப்படியே கிடக்கிறது. பழைய ஓனர் பயந்துபோய் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டார். கிளைம் போனது போகட்டும், பொய் வாக்குமூலம் என்ற பேப்பர் ஒன்று உருவாகிவிட்டதே! அடிபட்டவர் போட்ட வழக்கில் கம்பெனி அந்தப் பேப்பரைத்தான் முதலில் எடுத்து நீட்டியது. சேதாரப் பணத்துக்காக வந்தவர், கடைசியில் கிரிமினல் புகார் வராமல் இருந்தால் போதும் என்று உட்கார்ந்திருந்தார்.

முன்தேதி போடுவதும் அதே குழிதான். பெயர் மாற்றம் இப்போது ஆன்லைனில் போகிறது. விண்ணப்பம் ஏறிய தேதியை எந்த புரோக்கராலும் மாற்ற முடியாது.

மூன்றாவது குழி உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு வரியில் இருக்கிறது. பழைய ஓனரைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், மச்சினனிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்கிறதா என்று எழுதவே இல்லை. இல்லாவிட்டால் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு ஓனர் தரப்பிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொல்ல வாய்ப்பு அதிகம். அதற்குப் பயந்து 'நான்தான் ஓட்டினேன்' என்று மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். மாமனார் வற்புறுத்தினாலும் சரி. எஃப்.ஐ.ஆரில் ஒரு பெயர், தீர்ப்பாயத்தில் ஒரு பெயர் என்றால் இரண்டு இடத்திலும் உங்களை யாரும் நம்ப மாட்டார்கள்.

பழைய ஓனர் ஏன் போனை எடுக்கவில்லை தெரியுமா? அவரும் ஒரு வக்கீலைப் பார்த்திருப்பார். வண்டி எத்தனை கை மாறினாலும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் ஓனர் என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அந்த வக்கீல் சொல்லியிருப்பார். மொபெட்காரர் வழக்குப் போட்டால் சம்மன் போவது அவர் வீட்டுக்குத்தான். உங்களை விட அவர் அதிகமாகப் பயந்திருக்கிறார். அந்தப் பயம் உங்களுக்குச் சாதகமானது. நோட்டீஸ் அனுப்பிக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இருவருக்கும் பொதுவான பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். இந்த விபத்தால் அவருக்கு என்ன பொறுப்பு வந்தாலும் நான் ஏற்கிறேன் என்று நீங்கள் எழுதிக் கொடுங்கள். அவர் என்.ஓ.சி.க்கு விண்ணப்பிக்கட்டும், விற்றது, கொடுத்தது எல்லாவற்றையும் உண்மையான தேதியோடு எழுதித் தரட்டும். உண்மையைச் சொல்லி அவர் பெயரில் கிளைம் கேட்க அவரே சம்மதித்தால் கேட்டுப் பார்க்கலாம். வந்தால் லாபம், ஆனால் அந்தப் பணத்தை நம்பி வொர்க்ஷாப்புக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 9 லட்சம் உங்கள் பையிலிருந்து போகிறது என்று இன்றே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பெயர் மாற்றம் முடிந்த பிறகு இருக்கிற நிலையிலேயே விற்றுவிடுங்கள்.

மொபெட்காரரை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள், அது மனிதத்தன்மை. ஆனால் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கிக்கொண்டு ரொக்கமாக செட்டில் செய்ய வேண்டாம். அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு தீர்ப்பாயத்தில் அவர் வழக்குப் போடுவதைத் தடுக்க முடியாது, கம்பெனியும் 'எங்களைக் கேட்காமல் கொடுத்தது' என்று ஒதுங்கிக்கொள்ளும். அவர் வழக்குப் போடட்டும், லோக் அதாலத்தில் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில்) கம்பெனியையும் உட்கார வைத்து முடித்துக்கொள்ளலாம்.

இன்னோவாவின் பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதை உங்கள் மனைவி பார்த்துக்கொள்கிறார் என்று ஊகிக்கிறேன்.

மச்சினனின் லைசென்ஸ் இரண்டு பக்கமும், எஃப்.ஐ.ஆர். நகலும் அனுப்புங்கள். அது வரும்வரை கம்பெனிக்கு உங்கள் பக்கத்திலிருந்து ஒரு வரி கூட எழுத வேண்டாம்.