ஒரே அமர்வில் எல்லாம் வெளியே வந்துவிடுமா?

கேள்வி: இரண்டு வருடங்களுக்கு முன் நான் போய்க்கொண்டிருந்த காரில் பக்கவாட்டில் ஒரு லாரி மோதியது. காயங்கள் ஆறிவிட்டன. சில மாதங்கள் கவுன்சலிங் போனேன். நடந்ததை இப்போது அழாமல் சொல்ல முடிகிறது. ஆனால் எங்காவது பிரேக் கிறீச்சிட்டால் போதும், தோள்கள் தூக்கிக்கொள்கின்றன, வயிறு இறுகுகிறது, அடங்க அரை மணி நேரம் ஆகிறது. சில சமயம் கைகால் மரத்து, எங்கோ தூரத்தில் இருப்பதுபோல் ஆகிவிடுகிறேன். கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் படபடப்பு கூடுகிறது. உடல்வழி சிகிச்சை செய்யும் ஒருவர், அதிர்ச்சி இடுப்புத் தசையில் தேங்கியிருக்கிறது, ஒரே அமர்வில் அழுத்தி எடுத்துவிடலாம் என்கிறார். முன்பணமும் கேட்கிறார். நம்பலாமா? மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்குமா?

பதில்: அவரை நம்ப வேண்டாம். உடல்வழி சிகிச்சையை நம்பலாம், ஓரளவுக்கு. அந்த ‘ஓரளவு’ எவ்வளவு என்பதைச் சொல்கிறேன்.

முதலில், கவுன்சலிங் வீண்போகவில்லை. நடந்ததைக் கோர்வையாகச் சொல்ல முடிகிறதே, அதற்கே பலர் வருடக்கணக்கில் தவிக்கிறார்கள். ஆனால் பிரேக் சத்தம் கேட்டதும் முந்திக்கொள்வது வேறு இடம். மூளையில் அமிக்டலா என்றொரு சிறு பகுதி, நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் ‘ஆபத்து’ என்று அறிவித்துவிடுகிறது. அட்ரினலின் பாய்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் இறுகுகின்றன. சண்டை போடவோ ஓடவோ உடல் இப்படித் தயாராவதைப் பற்றி அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-லேயே எழுதிவிட்டார். இரண்டுக்குமே வழியில்லாதபோது உடல் உறைந்தும் போகும். சீட் பெல்ட்டுக்குள் இருந்த உங்களுக்கு வேறென்ன வழி இருந்தது? மரத்துப்போவதும், தூரத்தில் இருப்பதுபோல் தோன்றுவதும் அந்த வகைதான். ‘இன்னுமா அதையே நினைக்கிறாய்’ என்று வீட்டில் யாராவது கேட்டால், நினைக்காமலேயே வருகிறது என்று சொல்லுங்கள்.

தசையில் தேங்கியிருக்கிறது என்ற பேச்சில் பாதி உண்மை உண்டு. தசை இறுகிக் கிடக்கும், வலிக்கும். ஆனால் இறுகு என்ற உத்தரவு நரம்பு மண்டலத்திலிருந்து வருகிறது. இடுப்பை எவ்வளவு அழுத்தினாலும் உத்தரவு போடும் இடம் மாறிவிடாது. அழுத்தும்போது அழுகையும் நடுக்கமும் வரலாம். வந்ததாலேயே குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே பதறிக்கொண்டிருக்கும் உடலுக்கு அது இன்னொரு அதிர்ச்சியாகவும் முடியலாம்.

ஒழுங்காகச் செய்பவர்கள் இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறார்கள். பீட்டர் லெவின் உருவாக்கிய ‘சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்’ முறையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில அமர்வுகளில் விபத்தின் பக்கமே போகாமல்கூட இருக்கலாம். நாற்காலி முதுகைத் தாங்குவது தெரிகிறதா, உடம்பில் எந்த இடம் ஓரளவு நிம்மதியாக இருக்கிறது என்று கேட்பார்கள். உள்ளங்கை, பாதம், எதுவாக இருந்தாலும் சரி. அப்புறம் விபத்தின் ஓர் ஓரத்தை மட்டும் தொடுவார்கள். காரில் ஏறிய நேரம் வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோள் தூக்க ஆரம்பித்ததும் நிறுத்தி, மறுபடி பாதத்துக்குக் கூட்டி வருவார்கள். அடங்கியபின் இன்னொரு துளி. பதற்றம் ஏறும், பிறகு தானே இறங்கும் என்பதை உடல் திரும்பத் திரும்ப அனுபவித்துப் பழக வேண்டும், அதுதான் வேலை. சில சமயம் விபத்தன்று செய்ய முடியாமல் போன அசைவு ஒன்று, கையால் தள்ளுவதோ தலையைத் திருப்புவதோ, வெளிவர முயலும். அதை மிக மெதுவாகச் செய்து பார்க்கச் சொல்வார்கள். பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். பாட் ஆக்டன் உருவாக்கிய ‘சென்சரிமோட்டார் சைக்கோதெரபி’யும் கிட்டத்தட்ட இந்த வழிதான்.

ஆதாரம் இருக்கிறதா என்றால், கொஞ்சம். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் பி.டி.எஸ்.டி. (பெரிய அதிர்ச்சிக்குப்பின் நீடிக்கும் மனப் பாதிப்பு) உள்ள 63 பேரில் ஒரு பிரிவினருக்கு லெவின் முறையில் வாரம் ஒன்றாக 15 அமர்வுகள் கொடுத்தார்கள். சிகிச்சைக்காகக் காத்திருந்த பிரிவினரைவிட அவர்களுக்கு அறிகுறிகள் நன்றாகக் குறைந்தன. 2014-இல் வெளியான இன்னொன்று யோகா பற்றியது. மற்ற சிகிச்சைகளில் சரியாகாத 64 பெண்கள், 10 வாரங்கள். யோகா செய்தவர்களில் பாதிப்பேர் அதன் முடிவில் பி.டி.எஸ்.டி. என்ற வரையறைக்கு வெளியே வந்திருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக யோகாவுக்குப் பதில் உடல்நலக் கல்வி வகுப்புக்குப் போனவர்களில் ஐந்தில் ஒருவர்தான். இது சாதாரண யோகா வகுப்பு இல்லை. யாரும் தொட்டுத் திருத்த மாட்டார்கள், வேண்டாம் என்றால் செய்யாமல் இருக்கலாம். நம்பிக்கை தரும் முடிவுகள்தான், ஆனால் ஆய்வுகள் சிறியவை.

வலுவான ஆதாரம் உள்ளவை வேறு இரண்டு: அதிர்ச்சியை மையமாக வைத்துச் செய்யும் சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை), அப்புறம் இ.எம்.டி.ஆர். உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது இவற்றைத்தான். உங்களுக்கு நான் இ.எம்.டி.ஆரை முதலில் சொல்வேன். 1987-இல் பிரான்சின் ஷாபிரோ தொடங்கிய முறை அது. நினைவின் ஒரு காட்சியை மனதில் வைத்துக்கொண்டே தெரபிஸ்டின் விரலைக் கண்ணால் பின்தொடர வேண்டும்; உடம்பில் என்ன தெரிகிறது என்றும் இடையிடையே கேட்பார்கள். கண் அசைவு எப்படி உதவுகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் சண்டை. பலன் இருக்கிறது என்பதில் அவ்வளவு சண்டை இல்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: இதிலும் லெவின் முறையிலும் முழுவதையும் விவரமாக வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை.

அதுவரை, கண்ணை மூடாதீர்கள். மூச்சைக் கவனிப்பது எல்லோருக்கும் ஒத்துவராது. பதற்றமே நெஞ்சில்தான் என்றால், கவனத்தை அங்கே கொண்டுபோனால் கூடத்தான் செய்யும். பிரேக் சத்தம் கேட்டதும் தலையை மெதுவாகத் திருப்பி, சுற்றி இருக்கும் பொருட்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பாதத்தைத் தரையில் அழுத்துங்கள். சுவரைக் கையால் தள்ளுங்கள். மரத்துப்போகும் நேரத்தில் உட்காராமல் நடப்பது நல்லது. நெஞ்சு கொஞ்சம் தளர்ந்தபின், முடிந்தால் மூச்சை நீளமாக வெளியே விடுங்கள்; வெளிமூச்சின்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைக் குறைக்கும். கைகால் மரப்பை விபத்துக்குப்பின் டாக்டரிடம் காட்டவில்லை என்றால் முதலில் கழுத்தையும் முதுகையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மனதின் கணக்கில் எழுதக் கூடாது. உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால், இதற்கெல்லாம் காத்திருக்காமல் அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

தெரபிஸ்டைத் தேடும்போது, மனநலத்தில் முறையான படிப்பும் இந்த முறையில் தனிப் பயிற்சியும் உண்டா என்று கேளுங்கள். தொடுவீர்களா, நான் நிறுத்தச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். ‘உடனே நிறுத்துவேன்’ என்று தயங்காமல் சொல்பவரிடம் போகலாம். ‘அந்த எதிர்ப்பைத் தாண்டினால்தான் குணமாகும்’ என்பவர் வேண்டாம். எத்தனை அமர்வு என்ற கேள்விக்கு ‘பார்த்துத்தான் சொல்ல முடியும்’ என்ற பதில் வந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள், அது நேர்மையான பதில்.

அந்த ஒரே அமர்வுக்காரருக்கு முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் வரவில்லை என்று ஒரு வரி அனுப்பினால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுத்துவிட்டீர்கள் என்றால் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டாலும் அந்தப் பணத்துக்காகப் போய்ப் படுக்காதீர்கள்.