கேள்வி - பதில்: சாய்ந்த கோபுரங்கள்

சாய்ந்த கோபுரங்களைப் பற்றிய கேள்விகள் சேர்ந்துகொண்டே போவதால், இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. மண்ணைத் துளைத்துச் சோதிப்பதே என் பிழைப்பாக இருந்தது. அதனால் பதில்கள் எல்லாம் தரைக்குக் கீழேதான் போகும்.

உலகிலேயே அதிகம் சாய்ந்தது பைசா கோபுரம்தானே?

புகழில் முதலிடம், சாய்வில் இல்லை. பைசா இப்போது 4 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சாய்ந்து நிற்கிறது. ஜெர்மனியில் சூர்ஹூசன் கிராமத்துத் தேவாலயக் கோபுரத்தின் சாய்வு 5.19 டிகிரி. உயரம் என்னவோ 27 மீட்டர்தான். சதுப்பு நிலத்தில் ஓக் மரக் கட்டைகளைப் போட்டு அதன்மேல் எழுப்பியிருக்கிறார்கள். நிலத்தடி நீரில் மூழ்கிக் கிடந்தவரை அந்தக் கட்டைகளுக்கு எந்தக் கேடும் வரவில்லை. 19-ம் நூற்றாண்டில் நிலத்தை வடித்தார்கள், நீர்மட்டம் இறங்கியது, காற்றுப் பட்ட மரம் உளுத்துப்போனது. தண்ணீர் வந்து கெட்ட அஸ்திவாரம் நிறைய உண்டு. தண்ணீர் போய்க் கெட்டது இது. 2022-ல் அதே நாட்டின் கௌ-வைன்ஹைம் கோபுரம் சுமார் 5.4 டிகிரியோடு இதையும் முந்திவிட்டது.

பைசா ஏன் சாய்ந்தது? சாய்ந்தது ஏன் விழவில்லை?

சாய்ந்ததற்குக் காரணம் களிமண். விழாமல் போனதற்குக் காரணம் சண்டை.

1173-ல் வேலையைத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 14,500 டன் எடைக்கு அஸ்திவாரத்தின் ஆழம் வெறும் 3 மீட்டர். மூன்றாம் தளத்தைத் தொடும்போதே சாய ஆரம்பித்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் போர்கள் மூண்டு, ஏறக்குறைய நூறு வருஷம் வேலை நின்றுபோனது. அந்த இடைவெளியில்தான் பாரம் அழுத்தி அழுத்தி, களிமண்ணுக்குள் இருந்த நீர் மெல்ல வெளியேறி, மண் இறுகியது. நிறுத்தாமல் கட்டியிருந்தால் அப்போதே கவிழ்ந்திருக்கும். 1272-ல் மறுபடி தொடங்கியவர்கள், தாழ்ந்த பக்கச் சுவரைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டிச் சரிக்கட்டப் பார்த்தார்கள். கோபுரம் நேர்கோடாக இல்லாமல் வாழைப்பழம்போல் லேசாக வளைந்திருப்பது அதனால்தான். மணிக்கூண்டு முடிந்தபோது 1372.

நிமிர்த்த யாருமே முயலவில்லையா?

முயன்றவர்களால்தான் பாதித் தொல்லை. 1838-ல் கெரார்டெஸ்கா என்ற கட்டடக் கலைஞர், புதைந்து கிடந்த தூண்களின் அடிப்பாகம் வெளியே தெரியட்டும் என்று கோபுரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, நிலத்தடி நீர் பொங்கிவந்து சாய்வு கூடியது. 1934-ல் முசோலினி ஆட்சியில் அஸ்திவாரத்தில் நூற்றுக்கணக்கான துளைகள் போட்டு சிமென்ட் கலவையைச் செலுத்தினார்கள். தெற்கே இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

1989-ல் இத்தாலியின் பாவியா நகரத்துக் கோபுரம் திடுமென இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். இத்தனைக்கும் அது சாய்ந்த கோபுரம் என்று பெயர் வாங்கியதே இல்லை. அந்தப் பயத்தில் 1990 ஜனவரியில் பைசாவின் கதவைப் பூட்டினார்கள். 1993-ல் மேடான வடபக்கம் 600 டன் ஈயக் கட்டிகளை அடுக்கியதும் சாய்வு நின்று, துளி திரும்பவும் செய்தது. ஈயம் அசிங்கமாக இருக்கிறது, மண்ணுக்குள் கம்பி நங்கூரம் போடலாம் என்று 1995-ல் ஒரு யோசனை. தோண்டும்போது நீர் புகாமலிருக்கத் திரவ நைட்ரஜனால் மண்ணை உறைய வைத்தார்கள். ஒரு வருஷத்தில் நகர வேண்டியதைக் கோபுரம் ஒரே ராத்திரியில் நகர்ந்துவிட்டது. அலறியடித்து மேலும் ஈயத்தை ஏற்றினார்கள்.

கடைசியில் பலித்தது எளிய வழி. ஜான் பர்லேண்ட் என்ற பிரிட்டிஷ் மண் இயக்கவியல் பேராசிரியரும் இருந்த குழு, தாழ்ந்த பக்கத்தைத் தொடவே இல்லை. உயர்ந்த பக்கத்து அடியில் சாய்வாகக் குழாய்களை இறக்கி, மண்ணைச் சிறுகச் சிறுக உருவினார்கள். மொத்தமே 38 கன மீட்டர்தான். வடபக்கம் இறங்க, உச்சி சுமார் 45 செ.மீ. பின்வாங்கியது. 2001 டிசம்பரில் கதவு திறந்தது. எவ்வளவு மண் எடுத்தோம், கோபுரம் எவ்வளவு அசைந்தது என்று பார்த்துப் பார்த்து அடுத்த துளையைத் தீர்மானித்த அந்தப் பொறுமைக்கு நான் சலாம் போடுவேன்.

அப்படியே முழுக்க நிமிர்த்தியிருக்கலாமே?

அடியை நேராக்கினால் மேல்தளங்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும். மேலே சொன்ன வளைவை மறந்துவிட்டீர்கள். தவிர, நேராக நிற்கும் மணிக்கூண்டைப் பார்க்க யார் டிக்கெட் எடுப்பார்கள்?

கலிலியோ அங்கிருந்துதான் குண்டுகளைப் போட்டாரா?

எடை வேறானாலும் பொருள்கள் ஒரே வேகத்தில் விழும் என்று காட்ட அவர் உச்சியிலிருந்து இரும்புக் குண்டுகளைப் போட்டார் என்பது கதை. சொன்னவர் அவருடைய சீடர் விவியானி. பைசா கோபுரத்தில் அப்படிச் செய்ததாகக் கலிலியோ எழுதி வைக்கவில்லை. வரலாற்றாசிரியர்கள் பலரும் நம்புவதில்லை, நானும் அந்தக் கட்சிதான்.

இன்றைக்கு ஆபத்தில் இருப்பது எது?

இத்தாலியிலேயே, பொலோன்யா நகரத்து கரிசெண்டா. 48 மீட்டர் உயரம், சாய்வு சுமார் 4 டிகிரி. முன்பு இன்னும் உயரம். 14-ம் நூற்றாண்டில் பயந்துபோய் உச்சியை இறக்கிவிட்டார்கள். அதற்கு முன்பே இத்தாலியக் கவிஞர் தாந்தே அதைக் கவிதையில் ஏற்றிவிட்டார்: சாய்ந்த பக்கத்திலிருந்து அண்ணாந்து பார்க்கும்போது மேலே மேகம் கடந்தால், கோபுரமே நம்மீது விழுவதுபோல் தோன்றும் என்கிறார். 2023 அக்டோபரில், கருவிகள் காட்டிய அசைவைப் பார்த்துச் சுற்றுவட்டாரத்தை அடைத்தார்கள். பக்கத்திலேயே 97 மீட்டரில் அசினெல்லி கோபுரம் நிற்கிறது. அதுவும் சாய்ந்ததே, ஆனால் குறைவாக.

அபுதாபியின் கேபிடல் கேட் 18 டிகிரி சாய்ந்திருக்கிறதாமே! அதைச் சொல்லாமல் விட்டது ஏன்?

அது சாய்ந்த கட்டடம் இல்லை, சாய்த்த கட்டடம். 160 மீட்டர் உயரம், வேண்டுமென்றே மேற்கே சாய்த்துக் கட்டியது. உள்ளே இருக்கும் கான்கிரீட் மையத்தண்டை முதலில் எதிர்த்திசையில் லேசாக வளைத்துக் கட்டினார்கள். மேல்தளங்களின் பாரம் ஏற ஏற அது நிமிர்ந்தது. பைசாவின் மேஸ்திரிகள் கோணலைப் பார்த்த பிறகு செய்ததை, இவர்கள் கணக்குப் போட்டு முன்கூட்டியே செய்துவிட்டார்கள்.