நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதுச் சொற்களை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

வாரம் இருபது சொல் எழுதிப்போட்டு, வெள்ளிக்கிழமை சொல்வதெழுதுதல் வைத்தால் திங்கட்கிழமை ஒன்றும் நினைவில் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியராக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வீட்டில் சொல்லிக்கொடுக்கும் அம்மா அப்பா என்றாலும் பாதகமில்லை.

பட்டியலைக் கிழித்துப் போடுங்கள் என்று சொல்ல வரவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மனப்பாடத்தைத் திட்டுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிகண்டையே, அதாவது பாட்டாக இருக்கிற பழைய சொற்பொருள் நூலையே, நெட்டுருப் போட்டவர்கள்தான் நம் பாட்டன்மார். ஆனால் சூடாமணி நிகண்டைத் திறந்து பாருங்கள், மக்கட்பெயர், விலங்குப்பெயர், மரப்பெயர் என்று இனம் இனமாகச் சேர்த்து, 12 தொகுதியாக்கி, பாட்டில் அடைத்திருப்பார்கள். ஒன்றுக்கொன்று ஒட்டும் உறவும் இல்லாத இருபது சொல்லை வெறுமனே அடுக்கவில்லை.

நான் காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத் தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். என் அனுபவத்தில் இந்த வயசுப் பிள்ளைகளைக் கவிழ்ப்பது பெரிய பெரிய பெயர்ச்சொற்கள் இல்லை. விண்கலம், ஒளிச்சேர்க்கை எல்லாம் படம் காட்டினால் பிடித்துக்கொள்வார்கள். தலா, ஏறக்குறைய, மாறாக, ஆகையால், இல்லையெனில், இந்த மாதிரி எல்லாப் பாடத்திலும் வந்துபோகிற, யாரும் பொருள் சொல்லித்தராத சொற்கள்தான் காலை வாரும். வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளை, "தலா 3 பென்சில்" என்று கணக்கில் வந்ததும் பெருக்கணுமா வகுக்கணுமா என்று என் முகத்தைப் பார்க்கும். கணக்கு வரவில்லை என்று அதன் தலையில் எழுதிவிடுவோம்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் வாயே திறக்க மாட்டான். அவன் அப்பாவுக்கு, வீட்டுத் தரையில் பதிக்கிற பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் வேலை. ஒருநாள் ஊர்த் தொழில்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது யாரோ "அந்தக் கல்லச் சூளையில சுடுவாக டீச்சர்" என்று சொல்ல, இவன் சட்டென்று எழுந்து, "சுட மாட்டாக டீச்சர், தண்ணித் தொட்டியிலதான் போடுவாக" என்றான். அப்புறம் நிறுத்தவே இல்லை. கண்ணாடி மேல் அச்சை வைப்பது, அறை அறையாகக் கலர்ச் சிமெண்டுப் பாலை ஊற்றுவது, அச்சை எடுத்துவிட்டு மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துவது, காய்ந்த பிறகு தண்ணீரில் ஊறப்போடுவது, கடைசியில் கண்ணாடி கழன்று வரும்போது அந்தப் பளபளப்பு கல்லில் தங்கியிருப்பது என்று எல்லாவற்றையும் கையால் காட்டிக் காட்டிச் சொன்னான்.

நான் செய்தது இவ்வளவுதான். அவன் சொன்னதை அவன் பேச்சிலேயே கரும்பலகையில் எழுதினேன். பிறகு "ஒரே மாதிரி பரப்பி" என்ற இடத்தில் பக்கத்திலேயே "சீராகப் பரப்பி", "கெட்டியாகுற வரைக்கும்" என்பதற்கு "இறுகும் வரை", "இல்லாட்டி" என்பதற்கு "இல்லையெனில்" என்று புத்தகச் சொல்லையும் எழுதினேன். அவன் சொல்லை அழிக்கவில்லை, அதைக் கவனியுங்கள். மறுவாரம் அதே சொற்களைப் போட்டு, வெள்ளைப் பணியாரம் சுடுவதைச் சொல்லச் சொன்னேன். பச்சரிசி அளந்து அதன்மேல் உளுந்தைக் கோபுரமாக வைப்பதிலிருந்து எண்ணெயில் ஊற்றுவது வரை, எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அது தெரியாமல் இருக்காது. அடுத்து அறிவியல் பாடத்தில் அந்தச் சொற்கள் எங்கே வருகின்றன என்று தேடவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு பெண் கட்டுரையில், "கண்மாய்க் கரையைச் சீராக்க வேண்டும், இல்லையெனில் மழைக்கு உடைந்துவிடும்" என்று தானாகவே எழுதியிருந்தாள். எனக்கு அது பெரிய விஷயம்தான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சூட்டோடு முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று செட்டிநாட்டு வீட்டின் பகுதிகள் எல்லாவற்றையும் நேரில் காட்டிப் பேசவைக்கலாம் என்று ஆசைப்பட்டுப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டைக் கேட்டால், முதலாளி வெளிநாட்டில் இருக்கிறார், பிள்ளைகள் தரையை அழுக்காக்கிவிடுவார்கள் என்று பதில் வந்தது. அதே வீட்டில் அடுத்து சினிமாக்காரர்கள் ஜெனரேட்டர் வண்டியோடு வந்து இறங்கினார்கள், கதவு திறந்துதான் இருந்தது. வாடகை தருகிறார்கள், சரி, வீட்டைப் பராமரிக்கக் காசு வேண்டும், அதுவும் புரிகிறது. ஆனால் அந்தத் தரையில் கல் பதித்தது இந்தப் பிள்ளைகளின் தாத்தாக்களாகக்கூட இருக்கலாமே. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், விடுங்கள்.

எத்தனை சொல் என்றால், வாரத்துக்கு ஐந்தாறு போதும். பாடத்திட்டம் முடியாதே என்பீர்கள். தமிழ்ப் பீரியடில் மட்டும் நடத்தினால் முடியாதுதான். கணக்கிலும் சமூக அறிவியலிலும் அதே ஐந்தாறையே வாயில் வரவழையுங்கள். பொருளைக் கேட்காமல் வாக்கியத்தைக் கேளுங்கள். முதல் தடவை தப்பாகப் போட்டாலும் சிவப்புப் பேனாவை எடுக்காதீர்கள்.

அகராதி பார்க்கப் பழக்குவதை ஐந்தாம் வகுப்பில் ஆரம்பிக்கலாம். ஆனால் புள்ளி வைத்த எழுத்துதான் முதலில் வரும், "அக்கா" முடிந்துதான் "அகல்" வரும் என்பதை முன்னாடியே சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாமல் புத்தகத்தைக் கையில் கொடுத்தால், அந்தச் சொல்லே இதில் இல்லை டீச்சர் என்று மூடி வைத்துவிடுவார்கள்.