சூடானா நிக்குது, ஆறினா ஓடுது: வாசகர்களோட கார் கேள்வி பதில்

போன இதழ்ல பெருந்துறை வாசகர் ஒருத்தர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாம உங்ககிட்டயே விட்டிருந்தேன். படிக்காதவங்களுக்காக சுருக்கமா: பத்து வருஷ பெட்ரோல் கார், காலையில ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகும், நாப்பது அம்பது கிலோமீட்டர் ஓடினதும் ரோட்டு நடுவுல பொசுக்குனு ஆஃப் ஆயிடும், செல்ஃப் நல்லா சுத்தும் ஆனா இன்ஜின் பிடிக்காது, ஓரமா தள்ளி விட்டுட்டு டீ குடிச்சிட்டு இருபது நிமிஷம் கழிச்சு வந்து சாவியைத் திருப்பினா எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். பிளக் மாத்தியாச்சு, பேட்டரி மாத்தியாச்சு, பெட்ரோல் பம்ப்பும் மாத்தியாச்சு, பதினெட்டாயிரம் போச்சு, வண்டி மட்டும் அதே இடத்துல நிக்குது.

வந்த கடிதத்துல பாதிப்பேர் பம்ப் ரிலேவைப் (பம்ப்புக்கு கரண்ட் விடுற ஸ்விட்ச்) பாருங்கன்னு எழுதியிருந்தீங்க, அதுவும் தப்பில்ல, சூட்டுல ரிலே மக்கர் பண்றது உண்டு. ஆனா கரூர்லருந்து ஒரு லாட்ஜ் ஓனர் எழுதினதுதான் கரெக்டா ஆணி மேல அடிச்ச மாதிரி இருந்துச்சு. அவர் வண்டிக்கும் இதே வியாதி வந்திருக்கு. "வண்டி நின்னதும் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்க சார், லேசாவாவது தூக்கணும், எனக்கு செத்த மாதிரி கிடந்துச்சு"ன்னு எழுதியிருந்தார். திருநெல்வேலி டாக்ஸி டிரைவர் ஒருத்தர் இன்னொரு படி மேல போய், நின்ன இடத்துலயே கிராங்க் சென்சார் மேல மட்டும் ஈரத்துணி வச்சா ரெண்டு நிமிஷத்துல ஸ்டார்ட் ஆயிடும், அப்படி ஆச்சுன்னா சந்தேகமே வேண்டாம்னு எழுதியிருக்கார்.

ரெண்டு பேரும் சொல்றது ஒரே பொருளைத்தான். பிஸ்டன் சுத்திவிடுற கிராங்க் ஷாஃப்ட்டோட சேர்ந்து சுத்துற பல்சக்கரத்துக்கு பக்கத்துல கட்டைவிரல் சைஸ்ல ஒரு சென்சார் இருக்கும். நிறைய பழைய வண்டில அதுக்குள்ள ஒரு காந்தம், அதைச் சுத்தி முடி மாதிரி மெல்லிசா காப்பர் கம்பி. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு சின்ன சிக்னல் போகும், அதை வச்சுத்தான் இசியூவுக்கு, அதாவது இன்ஜினோட கம்ப்யூட்டருக்கு, பிஸ்டன் எங்க இருக்குன்னே தெரியும். அந்த கம்பில கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்தா ஆறியிருக்கும்போது ஒட்டிக்கிட்டு இருக்கும், சூட்டுல விரிஞ்சதும் விட்டுரும். சிக்னல் இல்லன்னா ஸ்பார்க்கும் கிடையாது, பெட்ரோல் ஸ்ப்ரேயும் கிடையாது. ஸ்கேனர் போட்டா பி0335ன்னு கிராங்க் சென்சார் கோளாறுக்கான கோடு வரலாம், வராமலும் போகலாம், அதனால கோடு இல்லன்னு சொல்லி விட்டுடாதீங்க, செல்ஃப் அடிக்கும்போது லைவ் டேட்டால ஆர்பிஎம் பூஜ்யமா நிக்குதான்னு பாருங்க. முள்ளை மட்டும் நம்பாதீங்க, சில வண்டில நல்ல சென்சார் இருந்தாலும் செல்ஃப் அடிக்கும்போது முள் அசையாது. ஈரத்துணி விஷயத்துல மட்டும் ஜாக்கிரதை, சென்சார் கைக்கு எட்டுற இடத்துல இருந்தா மட்டும் செய்ங்க, சூடான பிளாக் மேலயும் சைலன்ஸர் பைப் மேலயும் தண்ணி ஊத்துனா வெடிப்பு விடும்.

அம்பாசிடர், பத்மினி ஓட்டின ஆளுங்களுக்கு இந்த ஈரத்துணி கதை புதுசில்ல. அப்ப இன்ஜினோட ஒட்டியிருந்த பெட்ரோல் பம்ப்ல சூட்டுக்கு பெட்ரோல் ஆவியாகி அடைச்சுக்கும், டிரைவர் இறங்கி துணியை நனைச்சு பம்ப் மேல போட்டுட்டு பீடி பத்த வச்சுக்கிட்டு நிப்பார் (பெட்ரோல் பக்கத்துல பீடி, அது வேற கதை). வியாதி வேற, வைத்தியம் மட்டும் ஒண்ணு.

பெருந்துறைக்காரர் மறுபடி எழுதியிருக்கார். முள் அசையவே இல்ல, ஸ்கேனர்லயும் பூஜ்யம்தானாம். சென்சாரை மாத்திட்டு கோயம்புத்தூர் போய் வந்திருக்கார், வழியில எங்கயும் நிக்கல. பழைய பெட்ரோல் பம்ப்பை என்ன பண்றதுன்னு கேக்குறார். பத்திரமா வச்சுக்கங்க சார், அது நல்ல பம்ப்.

தாம்பரம் வாசகர்: நான் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் காரை எடுப்பேன். பதினாலு மாசத்துல ரெண்டாவது பேட்டரி. சனிக்கிழமை ராத்திரி வந்து பார்த்தா டக் டக்னு மட்டும் சத்தம் வருது. பேட்டரி கடைக்காரர் ஆல்டர்னேட்டர்ங்கிறார், மெக்கானிக் பேட்டரிங்கிறார். யாரை நம்புறது?

ரெண்டு பேரையும் இப்ப நம்ப வேண்டாம், முந்நூறு நாநூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்க. வண்டியை ராத்திரி நிறுத்திட்டு காலையில எதையும் தொடாம பேட்டரில வச்சுப் பாருங்க, 12.6 வோல்ட் காட்டுனா ஃபுல், 12.2ன்னா பாதி, 12க்கு கீழ போச்சுன்னா காலி. அப்புறம் ஸ்டார்ட் பண்ணிட்டு பாருங்க, 13.8லருந்து 14.4க்குள்ள இருந்தா ஆல்டர்னேட்டர் (ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்றது) மேல பழி போட வேண்டாம். ஆல்டர்னேட்டரை கம்ப்யூட்டரே கட்டுப்படுத்துற புது மாடல்ல இது கொஞ்சம் ஏறி இறங்கும், பயப்படாதீங்க.

ரெண்டும் சரியா இருந்தா, யாரோ ராத்திரில கரண்டைத் திருடுறாங்கன்னு அர்த்தம். அதைப் பிடிக்கிற வழி இது. வண்டியை ஆஃப் பண்ணி பூட்டிட்டு (பானெட் மட்டும் திறந்திருக்கட்டும்), மைனஸ் டெர்மினல்லருந்து கேபிளைக் கழட்டி, மீட்டரோட சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டைல சொருகி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவுல மாட்டுங்க. உடனே ரீடிங் பார்த்து அலறாதீங்க, வண்டிக்குள்ள இருக்குற கம்ப்யூட்டர் எல்லாம் தூங்க அரை மணி நேரம் ஆகும். அதுக்கப்புறம் 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா ஓகே. அதுக்கு மேலன்னா ஃபியூஸை ஒண்ணொண்ணா பிடுங்குங்க, எந்த ஃபியூஸை எடுத்ததும் நம்பர் விழுதோ அந்த லைன்லதான் திருடன். மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீங்க, மீட்டரோட ஃபியூஸ் போயிடும், ஃபியூஸ் இல்லாத மீட்டர்னா மீட்டரே போயிடும்.

கணக்கு போட்டுப் பாருங்க, 200 மில்லி ஆம்பியர் போயிட்டே இருந்தா ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர் ஹவர், ஏழு நாளைக்கு 33 சொச்சம். உங்க பேட்டரியே 35 தான். ஞாயித்துக்கிழமை ஓட்டிட்டு வந்து நிறுத்துனா சரியா சனிக்கிழமை ராத்திரி செத்துப் போறதுல ஆச்சரியமே இல்ல. கடிதத்தோட கடைசில டேஷ் கேமரா நேரடி வயரிங்ல மாட்டியிருக்கேன்னு போற போக்குல எழுதியிருக்கீங்க பாருங்க, நான் முதல்ல கழட்டிப் பார்க்குறது அதைத்தான். இன்னொண்ணு, ஞாயித்துக்கிழமையும் மார்க்கெட் வரைக்கும் மூணு கிலோமீட்டர் போயிட்டு வந்தா பேட்டரி அவ்வளவா சார்ஜ் ஏறாது, வாரம் முழுக்க இறங்கினதை முழுசா திருப்பிக் குடுக்காது.

இதே மாதிரி ஒரு கேஸ்ல ஓசூர் வாசகி ஒருத்தர் பண்ண வேலையை சொல்லியே ஆகணும். டிக்கி லைட் மூடின பிறகு அணையுதான்னு எப்படித் தெரியும்? ஃபோன்ல வீடியோ ஆன் பண்ணி டிக்கிக்குள்ள வச்சு மூடியிருக்காங்க, திறந்து பார்த்தா வீடியோ முழுக்க பளிச்சுனு வெளிச்சம். டிக்கி ஸ்விட்ச் போயிருக்கு. பேட்டரி கடைக்கு ரெண்டு தடவை அலைஞ்சிட்டு வந்து கண்டுபிடிச்சிருக்காங்க.

மதுரை வாசகர்: ரிங் ரோட்ல போனா ஏசி ஜில்லுனு இருக்கு, சிம்மக்கல் டிராஃபிக்ல நின்னா வேர்க்குது. வருஷா வருஷம் கேஸ் நிரப்பணும்னு சொல்றாங்க, நிரப்பியும் பார்த்துட்டேன்.

அண்ணே, கேஸ் ஒண்ணும் பெட்ரோல் இல்ல, எரிஞ்சு தீர்ந்து போக. அது மூடின குழாய்க்குள்ள சுத்திக்கிட்டே இருக்குற சமாச்சாரம், கொஞ்சம் கொஞ்சமா கசியுறது வேற, வருஷா வருஷம் காலியாகுதுன்னா எங்கயோ ஓட்டை இருக்கு, ஓட்டையை அடைக்காம நிரப்புறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற கதைதான். அளவுக்கு மேல ஏத்திட்டாலும் கூலிங் குறையும், அதையும் தெரிஞ்சுக்கங்க.

ஆனா உங்க கேள்விலயே பதில் இருக்கு. ஓடும்போது குளிருது, நின்னா குளிரலன்னா காத்து பத்தலன்னு அர்த்தம். முன்னாடி இருக்குற, கேஸோட சூட்டை வெளிய தள்ளுற கண்டென்சருக்கு ஓட்டத்துல காத்து தானா அடிக்கும், நிக்கும்போது ஃபேன்தான் அடிக்கணும். வண்டியை ஸ்டார்ட்ல வச்சு, ஏசியை போட்டு, பானெட்டைத் திறந்து ஃபேன் சுத்துதான்னு பாருங்க, கையை மட்டும் உள்ள விட்டுடாதீங்க. சுத்தலன்னா ஃபியூஸ், ரிலே, அப்புறம் மோட்டார், இந்த வரிசைல பாருங்க. சுத்துது ஆனா சோம்பலா சுத்துதுன்னா மோட்டார் வயசாயிடுச்சு. நல்லா சுத்துதுன்னா கண்டென்சர்ல பூச்சியும் மண்ணும் அடைச்சிருக்கும், சாதா ஓஸ் பைப் தண்ணில கழுவுங்க, வாட்டர் வாஷ் கடை பிரஷர்ல அடிச்சா அந்த மெல்லிசு தகடெல்லாம் மடங்கிரும். நிறைய வண்டில இன்ஜினைக் குளிர வைக்கிறதும் இதே ஃபேன்தான், அதனால டெம்பரேச்சர் முள் மேலயும் ஒரு கண்ணு இருக்கட்டும்.

ராமநாதபுரம் வாசகர்: கூலன்ட் அடிக்கடி குறையுது, போர் தண்ணி ஊத்திட்டு இருக்கேன், தப்பா?

ஆத்திர அவசரத்துக்கு வீடு வந்து சேர ஊத்துனா தப்பில்ல, பழக்கமா ஊத்துனா தப்பு. உங்க ஊர் போர் தண்ணி பக்கெட்ல வெள்ளையா படியுதுல்ல, அதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளயும் படியும். கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்க, இல்ல கலந்தே வர்றதை வாங்குங்க. அதைவிட முக்கியம் ஏன் குறையுதுங்கிறது. ஓஸ் பைப் ஓரம், வாட்டர் பம்ப் அடில ஈரம் இருக்கா? ஆயில் மூடியைத் திறந்தா உள்ள பால் டீ மாதிரி கொழகொழன்னு இருக்கா? சைலன்ஸர்ல வெள்ளைப் புகை விடாம வருதா? கடைசி ரெண்டும் இருந்தா ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் தலைப்பகுதிக்கும் நடுவுல இருக்குற சீல்) போயிருக்கு, வண்டியை ஓட்டாம ஷெட்டுக்கு டோ பண்ணுங்க.

எதுவும் இல்லன்னா ரேடியேட்டர் மூடியை மாத்திப் பாருங்க, விலை கம்மி. அது வெறும் மூடி இல்ல, குக்கர் வெயிட் மாதிரி பிரஷரைப் பிடிச்சு வைக்குது, அந்த பிரஷர் இருக்குறதாலதான் உள்ள 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம இருக்கு. குக்கர் மாதிரிதான் சூட்டுல திறக்கவும் கூடாது, முகத்துல அடிக்கும். நடுரோட்ல முள் ஏறுதுன்னா ஏசியை ஆஃப் பண்ணிட்டு ஹீட்டரை ஃபுல்லா வைங்க, சித்திரை வெயில்ல பைத்தியக்காரத்தனமா தெரியும், ஆனா ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், ஓரம் கட்டுற வரைக்கும் தாங்கும்.

சில சின்ன கேள்விங்க. திருச்சி தம்பி, செக் இன்ஜின் லைட் நின்னு எரிஞ்சா இந்த வாரத்துக்குள்ள காட்டுங்க, கண் சிமிட்டுச்சுன்னா வேகத்தைக் குறைச்சு ஓரமா நிறுத்துங்க, சிலிண்டர்ல ஏதோ ஒண்ணு எரியல, எரியாத பெட்ரோல் போய் புகையை சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டரை காலி பண்ணிடும், அது விலை கேட்டா உங்களுக்கு கை கால் ஆடும். சேலம் வாசகர், எண்பதுல ஸ்டியரிங் ஆடுனா வீல் பேலன்சிங், பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஆடுனா டிஸ்க், ரெண்டையும் ஒண்ணா போட்டு அலைன்மென்ட்டுக்கு காசு குடுக்காதீங்க. பொள்ளாச்சிலருந்து எலித் தொல்லைக்கு மூணு பேர் எழுதியிருக்கீங்க, புகையிலைக் கட்டு வாசம் இருக்குற வரைக்கும்தான் வேலை செய்யுது, கம்பி வலை அடிக்கிறதும் ராத்திரி பானெட்டைத் தூக்கி வைக்கிறதும் தேவலை. விஷம் மட்டும் வைக்காதீங்க, புளோயருக்குள்ள போய் செத்துச்சுன்னா அந்த வாசனையோட ஒரு மாசம் குடும்பம் நடத்தணும், எங்க வீட்ல நடத்தியிருக்கோம்.

இந்த தடவை உங்களுக்கு விடுற கேள்வி நாகர்கோவில்லருந்து. பெட்ரோல் வண்டி, நல்லாத்தான் ஓடுது, ஆனா பங்க்ல பெட்ரோல் போட்ட உடனே மட்டும் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, ஆக்சிலேட்டரை மிதிச்சுக்கிட்டே செல்ஃப் அடிச்சா இருமி இருமி பிடிக்குது, பெட்ரோல் வாசனை வேற, ரெண்டு கிலோமீட்டர் போனதும் சரியாயிடுது. நாலு பங்க் மாத்திப் பார்த்துட்டார், எல்லா இடத்துலயும் இதேதான், ஃபுல் டேங்க் போட்டா இன்னும் மோசம், ஐந்நூறு ரூபாய்க்கு போட்டா அவ்வளவா இல்ல. எனக்கு ஒரு சின்ன வால்வ் மேல சந்தேகம் இருக்கு, எதுன்னு சொல்ல மாட்டேன். உங்க வண்டிக்கு வந்திருந்தா என்ன மாத்துனீங்க, மாத்துறதுக்கு முன்னாடி எப்படி உறுதி பண்ணீங்க, ரெண்டையும் எழுதுங்க.